உருளைக்கிழங்கை முந்திய உலாவி

இணைய உலாவி என்பது எங்கோ இருக்கும் வழங்கியிடம் ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்கி, அதை மனிதர் படிக்கும்படி திரையில் விரித்துக் காட்டும் மென்பொருள். வாங்குவது ஒரு வேலை; படிக்கும்படி காட்டுவது இன்னொரு வேலை. 2008 செப்டம்பர் 2 அன்று கூகுள் குரோம் வெளிவந்த பிறகு, உலாவிகளைப் பற்றிய பேச்சில் இரண்டாவது வேலை அநேகமாக மறைந்தே போனது. ‘வேகமான உலாவிதான் நல்ல உலாவி, மற்ற வசதியெல்லாம் சுமை’ என்ற வாசகம் விளம்பரத்தில் பிறந்து, தொழில்நுட்பப் பத்திகளில் வளர்ந்து, மலேசியாவின் ஈப்போ நகரக் கைத்தொலைபேசிக் கடைகளின் கண்ணாடி மேசைக்கு வந்து சேர்ந்தது. புதுக் கைத்தொலைபேசி வாங்க வரும் பாட்டிக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் அங்கே கிடைப்பது ஒரே பதில்: “இது போதும், இதான் லாஜு.” (மலாயில் லாஜு என்றால் வேகம்.) திரும்பத் திரும்பச் சொன்னதைத் தவிர இந்த வாசகத்துக்கு வேறு பெரிய ஆதாரம் கிடையாது.

வேகத்தை எண்ணால் அளக்கலாம், வசதியை அளக்க முடியாது என்பது இந்தத் தரப்பின் முதல் வாதம். அளந்த கதையைப் பார்க்கலாம். 2007இல் வெப்கிட் என்ற உலாவி இயந்திரத்தின் குழு சன்ஸ்பைடர் என்ற சோதனைத் தொகுப்பை வெளியிட்டது. 2012இல் கூகுள் ஆக்டேன் என்ற தொகுப்பைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் ஒரு மதிப்பெண், ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் ஒரு செய்தி அறிக்கை என்று சில ஆண்டுகள் ஓடின. 2017இல் ஆக்டேனை உருவாக்கியவர்களே அதை ஓய்வுபெறச் செய்தார்கள். உலாவிகள் அந்தத் தேர்வுக்கென்றே பழக்கப்பட்டுவிட்டன, மதிப்பெண் கூடினாலும் உண்மையான பக்கங்களுக்குப் பலன் இல்லை, சில இடங்களில் கெடுதலும் நேர்கிறது என்பது அவர்களே சொன்ன காரணம். தொடக்கப்பள்ளி யூபிஎஸ்ஆர் தேர்வுக்குப் பழைய கேள்வித்தாள்களை மட்டும் உருப்போட்டு ஏழு ஏ வாங்கிய பிள்ளைகளைக் கண்ட ஊருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

போட்டியில் இருப்பவை எத்தனை உலாவிகள் என்ற கேள்வியையும் வேகக்காரர்கள் கேட்பதில்லை. ஓப்பரா தன் சொந்த இயந்திரமான பிரெஸ்டோவைக் கைவிடுவதாக 2013இல் அறிவித்தது. மைக்ரோசாப்டின் எட்ஜ் 2020 ஜனவரி முதல் குரோமின் அடித்தளமான குரோமியத்தில் இயங்குகிறது. பிரேவ், விவால்டி, சாம்சுங் உலாவி எல்லாம் அதே குடும்பம். ஐபோனிலோ ஆப்பிளின் விதிப்படி எந்தப் பெயரில் வரும் உலாவியும் உள்ளே வெப்கிட்தான். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 2024இல் கிடைத்த விலக்கு மலேசியாவுக்கு இல்லை. ஒரே இயந்திரத்தை வேறு வேறு வண்டிக்கூட்டில் வைத்துவிட்டு எது லாஜு என்று பந்தயம் கட்டுவது விற்பவருக்கு லாபம். வாங்குபவருக்கு அந்த வண்டிகளுக்குள் பெரிதாக மாறுவது இருக்கையும் கதவும் கண்ணாடியும்தான், அதாவது ‘சுமை’ என்று தள்ளப்பட்ட அந்த வசதிகள்.

வேகத்தின் மகிமையை நாட்டுக்கே காட்டிய விளம்பரம் 2010இல் வந்தது. ஒரு குழாய்த் துப்பாக்கியிலிருந்து உருளைக்கிழங்கு பாய்ந்து கம்பிவலையில் மோதித் துண்டுகளாகச் சிதறுவதற்குள் குரோம் ஒரு சமையல் பக்கத்தைத் திறந்து காட்டும். வினாடிக்கு 2,700 படங்கள் வரை பிடிக்கும் படக்கருவி, 15 மெகாபிட் இணைப்பு என்ற விவரங்களைக் கூகுளே வெளியிட்டது. அந்த ஆண்டு ஈப்போ வீடுகளுக்குக் கிடைத்தது செம்புக் கம்பி வழி வரும் ஸ்ட்ரீமிக்ஸ். 512 கிலோபிட், 1 மெகாபிட் தொகுப்புகள்தான் சாதாரணமாக வாங்கப்பட்டவை. ஒளியிழை வழி யூனிஃபை 2010 மார்ச்சில் அறிமுகமானபோது முதலில் போனது கிள்ளான் பள்ளத்தாக்குக்கு. ஆகவே ஈப்போவின் புந்தோங்கில் அதே பக்கத்தைத் திறந்தவர் கிழங்கைப் பறித்து, தோல் சீவி, வேகவைத்துப் பிரட்டல் செய்து இறக்கும்வரை காத்திருந்தார். அதற்கு உலாவி என்ன செய்யும்?

இணையப் பக்கம் தாமதமாவது பெரும்பாலும் வழியில்தான். கேட்ட செய்தி கோபுரத்துக்குப் போக வேண்டும், அங்கிருந்து வழங்கிக்குப் போய்த் திரும்ப வேண்டும். ஒரு பக்கத்துக்கு இப்படிப் பல பத்துக் கோரிக்கைகள் போய்வருகின்றன. ஈப்போ அமைந்த கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகளுக்குப் பின்னாலோ, ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களின் உட்பகுதியிலோ அலை மெலிந்துவிட்டால், உலாவி மிச்சப்படுத்தும் சில மில்லிவினாடிகள் கணக்கிலேயே வராது. ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டுபவர் நிரையை எவ்வளவு சீக்கிரம் முடித்தாலும் பால் தன் கதியில்தான் மங்கில் சொட்டும். தோட்டத்தில் பிறந்த யாருக்கும் தெரிந்த இந்த விஷயம் விளம்பரக்காரர்களுக்கு மட்டும் இன்னும் எட்டவில்லை.

வசதிகள் நினைவகத்தையும் மின்கலத்தையும் தின்னும் என்பார்கள். தின்னும்தான், திரை வெளிச்சமும் தின்னும்.

வசதி என்பது வேண்டாத அலங்காரம் என்ற வாதமே இவற்றுள் பெரியது. தமிழ் படிப்பவர்களின் அனுபவத்தில் அது பிறந்த நாளிலிருந்தே பொய். 1990களின் கடைசியில் தமிழ் நாளிதழ்கள் இணையத்துக்கு வந்தபோது ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியாக்கம். அந்த எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பும் வசதி 1997இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4இல் இருந்தது. நெட்ஸ்கேப் அதற்கு வேறொரு முறையை வைத்திருந்தது. தமிழ்த் தளங்களில் பல எக்ஸ்ப்ளோரரின் வழியைப் பிடித்துக்கொண்டன. அவற்றை வேறு உலாவியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பை கொட்டும். அந்தக் குப்பை எத்தனை வினாடியில் கொட்டியது என்று யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. பின்னாளில் ஃபயர்ஃபாக்ஸில் பத்மா என்ற நீட்சி, அப்படிப்பட்ட பழைய குறியாக்கங்களை ஒருங்குறிக்கு மாற்றிக் காட்டியது. ஒவ்வொரு பக்கத்தையும் மாற்ற அதற்குக் கூடுதல் நேரம் பிடித்திருக்கும். அதை விரும்பி நிறுவினார்கள்.

ஒருங்குறி வந்த பிறகும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. தமிழில் ‘பெ’ என்ற எழுத்து கணினியின் நினைவில் பகரம் முதலிலும் ஒற்றைக்கொம்பு பிறகுமாகச் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். ‘கொ’ என்றால் கொம்பு முன்னும் கால் பின்னுமாகப் பிரிய வேண்டும். இதைச் செய்யும் எழுத்துக்கோப்பு வேலையை விண்டோஸ் 2000உம் எக்ஸ்பியும் கற்றிருந்தன. ஆனால் ஃபயர்ஃபாக்ஸ் 2 வரை, இருபுற ஓரமும் சமமாக நிறுத்தப்பட்ட பத்தியில் அந்த உலாவி எழுத்துகளைத் தனித்தனியாகப் பிய்த்து அடுக்கும். கொம்பு ஓரிடம், கால் ஓரிடம், நடுவே புள்ளிவட்டம். வலைப்பதிவர்கள் ஒருவருக்கொருவர் “ஜஸ்டிஃபை செய்யாதீர்கள்” என்று சொல்லிக்கொண்டது அதனால்தான். 2008 ஜூன் 17 அன்று வந்த ஃபயர்ஃபாக்ஸ் 3, ஒரே நாளில் 80,02,530 முறை தரவிறக்கப்பட்டு உலக சாதனை படைத்தது. உலகம் அதைச் சாதனைக்காக நினைவில் வைத்திருக்கிறது. தமிழ்ப் பக்கங்களுக்கு அதன் பயன், பத்திகள் உடையாமல் நின்றது.

வசதி வெறும் அலங்காரம் என்ற வாதத்துக்குச் சாவுமணி அடித்தது கைத்தொலைபேசி. நோக்கியா, சோனி எரிக்சன் காலத்து ஜாவா கைபேசிகளில் பலவற்றில் தமிழ் எழுத்துரு கிடையாது. தமிழ்ப் பக்கம் திறந்தால் கட்டம் கட்டமாகக் காலிப் பெட்டிகள் தெரியும். நார்வேயின் ஓப்பரா நிறுவனம் 2006 ஜனவரியில் உலகெங்கும் வெளியிட்ட ஓப்பரா மினி, பக்கத்தை முதலில் தன் வழங்கிக்கு வரவழைத்து, சுருக்கி, கைபேசிக்கு அனுப்பும். தரவை 90 விழுக்காடு வரை குறைப்பதாகச் சொல்லி அதை விற்றார்கள். வேகக்காரர்களும் அதற்காகவே அதைப் பாராட்டினார்கள். தமிழர்கள் அதில் கண்டுபிடித்தது வேறொன்று. முகவரிப் பட்டையில் ‘ஓப்பரா:கான்ஃபிக்’ என்று தட்டினால் ஒரு மறைவான பக்கம் திறக்கும். அதில், சிக்கலான எழுத்துமுறைகளைப் படமாக மாற்றிக் காட்டு என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதை ‘ஆம்’ என்று மாற்றிச் சேமித்துவிட்டால், தமிழ் எழுத்துகளை வழங்கியே சின்னச் சின்னப் படங்களாக வரைந்து அனுப்பிவிடும். கைபேசிக்குத் தமிழ் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

இதற்கு விலை உண்டு. எழுத்தாக வந்தால் சில பைட்டுகளில் முடிவது படமாக வரும்போது பல மடங்காகும். பக்கம் மெதுவாகவே இறங்கும், டாப் அப் செய்த வெள்ளியும் வேகமாகக் கரையும். அதாவது உலகிலேயே மிக வேகமான கைபேசி உலாவி என்று பெயர் வாங்கிய ஒன்றைத் தமிழ் வாசகர்கள் வேண்டுமென்றே மெதுவாக்கி வைத்துக்கொண்டார்கள். அந்த வழிமுறை வலைப்பதிவு வலைப்பதிவாகப் பரவியது. ஆண்ட்ராய்டு 2ஆம் வரிசைக் கைபேசிகள் வந்து, அவற்றிலும் பலவற்றில் தமிழ் எழுத்துரு இல்லாதபோது அதே வித்தை திரும்பவும் கைகொடுத்தது. வேகமே நல்லது என்ற கொள்கைப்படி இவர்கள் எல்லாரும் தவறான தேர்வு செய்தவர்கள். காலிப் பெட்டிகளை மின்னல் வேகத்தில் பார்த்து மகிழ்ந்திருக்க வேண்டிய வாய்ப்பை, பாவம், இழந்துவிட்டார்கள்.

இன்று எழுத்துரு எல்லாக் கைபேசியிலும் இருக்கிறதே, பழங்கதை எதற்கு என்று கேட்கலாம். வசதி வேலை செய்யத் தொடங்கியதும் அது வசதி என்பதே மறந்துபோகிறது என்பதற்கு இந்தக் கேள்வியே சாட்சி. அந்த எழுத்துருக்களும் வானத்திலிருந்து விழவில்லை. ஆப்பிள் கணினிகளோடு வரும் இணைமதி எழுத்துரு, மலேசியரான முத்து நெடுமாறனின் உழைப்பு.

வேகத்தையே ஒரு வசதிதான் தருகிறது என்பதும் வேகக்காரர்கள் பேச விரும்பாத ஒன்று. செய்திப் பக்கம் ஒன்றின் எடையில் செய்தி கொஞ்சம். விளம்பரப் படம், தானே ஓடும் காணொளி, பின்தொடரும் நிரல் ஆகியவை மிச்சம். இவற்றை வாசலிலேயே நிறுத்தும் யூபிளாக் ஆரிஜின் போன்ற நீட்சியைப் பூட்டினால் எந்தச் சோதனைத் தொகுப்பும் தராத வேகம் கிடைக்கும், தரவுக் காசும் மிஞ்சும். ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸ் இத்தகைய நீட்சிகளை ஏற்கும். 2023 டிசம்பரில் அந்தக் கதவு இன்னும் அகலத் திறந்தது. ஆண்ட்ராய்டு குரோம் நீட்சிகளை ஏற்பதில்லை. கணினிக் குரோமிலும் புதிய விதிகளைக் காட்டி யூபிளாக் ஆரிஜினின் முழு வடிவம் வெளியேற்றப்பட்டுவிட்டது. உருளைக்கிழங்கோடு ஓட்டப்பந்தயம் விட்ட நிறுவனம் பக்கத்தைக் கனமாக்கும் சரக்கை மட்டும் இறக்கிவைக்க மறுப்பது ஏன் என்பதற்கு, அந்நிறுவனத்தின் வருமானம் பெரும்பாலும் விளம்பரத்திலிருந்து வருகிறது என்ற ஒரு வரி போதும்.

கடைசியாக, சாதாரண ஆளுக்கு இதெல்லாம் எதற்கு என்ற வாதம். பேராக்கின் தோட்டப்புறங்களில் வளர்ந்த மூத்த தலைமுறையில் பலர், வெளிச்சம் வருமுன் தாய் தகப்பனோடு மரத்தடிக்குப் போனவர்கள். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. லயன் வீடுகளை விட்டுப் பட்டணத்து மலிவு விலை வீடுகளுக்கு வந்து பல காலம் ஆன பின்பும் அவர்களுக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிப்பது சிரமம். இவர்களைவிடச் சாதாரண ஆளைக் காட்ட முடியாது. எட்ஜ் உலாவியில் பக்கத்தை உரக்க வாசிக்கும் வசதி ஒன்று உண்டு. அதில் இந்தியாவுக்குப் பல்லவி, வள்ளுவர், இலங்கைக்குக் குமார், சரண்யா, சிங்கப்பூருக்கு அன்பு, வெண்பா என்று குரல்கள் இருப்பதைப் போல மலேசியத் தமிழுக்கென்றே கனி, சூர்யா என்று இரண்டு குரல்கள் இருக்கின்றன. பக்கத்தின் எழுத்து வழங்கிக்குப் போய் ஒலியாகத் திரும்ப வேண்டும் என்பதால் முதல் சொல் வரச் சற்று நேரமாகும். வேகத்துக்கென்று அந்த வசதியில் ஒரு பட்டை இருக்கிறது. காது மந்தப்பட்ட முதியவருக்கு வைக்கும்போது அதை மெதுவான முனைக்குத்தான் தள்ள வேண்டியிருக்கும்.