காந்தளும் கால் பெருவிரலும்



போன இதழ் நான்கு நாள் தாமதமாக வந்ததற்கு என் கால் பெருவிரல்தான் காரணம். நடுராத்திரியில் வீங்கிச் சிவந்து, போர்வை நுனி பட்டாலே உயிர் போனது. ‘யூரிக் ஆசிட், கவுட்’ என்ற டாக்டர் எழுதிக் கொடுத்தது 0.5 மில்லிகிராம் கோல்ச்சிசின். பொடி மாத்திரை.

வலி தணிந்ததும் அதன் பூர்வீகத்தைத் துருவினேன், தொழில் புத்தி! ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் பூக்கும் கோல்ச்சிகம் என்ற செடியிலிருந்து 1820-ல் இதைப் பிரித்தவர்கள் பிரான்சின் பெல்லெத்தியேவும் கவாந்துவும். கொயினாவைப் பிரித்ததும் இதே இருவர், அதே ஆண்டு.

இதே சரக்கு நம் செங்காந்தளிலும் இருக்கிறது. மாநில மலர்தான், மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் கேட்டால் கண்வலிக்கிழங்கு. அங்கே பந்தல் போட்டு வளர்ப்பது விதைக்காக. மருந்துக் கம்பெனிகளுக்கு வேண்டியது அதுதான். பெண்களின் விரலுக்குச் சங்கப் புலவர்கள் உவமை சொன்ன பூ, என் விரலுக்கு மருந்தின் சொந்தக்காரப் பூ!

கவுட் வந்தால் மூட்டில் யூரிக் அமிலம் ஊசி ஊசியாகப் படிகிறது. அந்நியன் புகுந்துவிட்டான் என்று வெள்ளையணுக்கள் பாய்ந்து வருகின்றன; வீக்கமும் எரிச்சலும் அந்தக் கலவரத்தால்தான். செல்லுக்குள் சாரம் கட்டியதுபோல் நுண்குழல்கள் உண்டு. கோல்ச்சிசின் அவற்றைக் கட்டவிடாது. அணுக்களின் பாய்ச்சல் தளர்ந்துபோகிறது. யூரிக் அமிலத்தை இது குறைக்காது, அதற்கு வேறு மாத்திரை.

வேலியில் கிடக்கும் கண்வலிக்கிழங்கை அரைத்துக் குடிக்கலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஐயா, தொடவே தொடாதீர்கள். வேறு கிழங்கென்று நினைத்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. மாத்திரையிலேயே கொஞ்சம் கூடினால் வயிறு கழன்றுவிடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இன்னும் ஆபத்து. கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்று எந்தத் தராசில் நிறுப்பது?

பந்தலில் வளரும் செங்காந்தளுக்கு வருவோம். இந்தப் பூவின் சூல்தண்டு மகரந்தத்தை விட்டு ஒரு பக்கமாக மடங்கி விலகி நிற்கும். அதனால் காலையில் பூப்பூவாகப் போய்க் கையால் மகரந்தம் வைக்கிறார்கள். அந்த வேலை பார்த்தவர்கள் நம் வாசகர்களில் இருந்தால் எழுதுங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்