துறையா, துரையா?



கணியூரிலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்திருக்கிறது. எழுதியவர் பனியன் கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலை பார்க்கும் இளம்பெண். ஏற்றுமதிப் பெட்டிகளோடு போகும் தாளில் 'துரைமுகம்' என்று அடித்திருந்ததாம். "வெள்ளைக்காரத் துரைமாருங்க கட்டுனதால அந்தப் பேருங்களா? நாங்க பேசறப்ப போர்ட்டுன்னுதான் சொல்லுவோம். ஹார்பர்னா அது வேறயாங்க?" என்று கேட்டிருக்கிறார்.

அம்மிணி, அங்கே வரவேண்டியது வல்லின 'ற'. துரை என்றால் பிரபு. துறை என்றால் தண்ணீரில் இறங்கும் இடம். அமராவதிக் கரையில் வளர்ந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆற்றில் நினைத்த இடத்தில் இறங்கிவிட முடியாது. ஓரிடத்தில் சேறு, ஓரிடத்தில் சுழல். கால் வைக்கத் தோதான இடத்தைப் பெரியவர்கள் பழகிப் பழகிக் கண்டுவைத்தார்கள். குளிக்க ஒரு துறை, துணி வெளுக்க ஒரு துறை, மாட்டுக்குத் தண்ணி காட்ட ஒரு துறை. கடலில் கப்பல் வந்து அணையும் இடமும் அப்படித்தான் துறை ஆனது, துறைமுகம் ஆனது.

சொல் தண்ணீரோடு நின்றுவிடவில்லை. புறநானூற்றுப் பாட்டுகளின் அடியில் திணையோடு துறையும் குறித்திருப்பதைப் பள்ளியில் பார்த்திருப்பீர்கள். ஒன்றை முழுக்கக் கற்றுத் தேர்ந்தவரைத் 'துறைபோகியவர்' என்றார்கள். காவல்துறை, வேளாண்மைத்துறை, நம் பின்னலாடைத் துறை எல்லாம் அந்தப் படித்துறையில் இருந்து ஏறி வந்தவைதான். எனக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. அறிவுக்குள்ளும் தொழிலுக்குள்ளும் பார்த்து இறங்க ஒரு படி வேண்டும் என்று நம்மவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

ஹார்பர் வேறு வழியில் வந்த சொல். பழைய ஆங்கிலத்தில் அதன் வேர், படை தங்கும் இடத்தைக் குறித்தது. ஒதுங்கி இருக்க இடம் என்பதே அதன் உயிர். அதனால்தான் குற்றம் செய்தவரை ஒளித்துவைப்பதற்கும் அங்கே அதே சொல். இந்தியத் தண்டனைச் சட்டம் 52ஏ பிரிவில் அதற்கு விளக்கம் எழுதியபோது இருப்பிடம், உணவு, பணத்தோடு உடுப்புக் கொடுப்பதையும் சேர்த்திருந்தது. மனதில் வஞ்சம் வைத்திருப்பதற்கும் ஆங்கிலத்தில் அதுவே வினைச்சொல். தமிழில் வஞ்சத்துக்குத் துறை கிடையாது. ஒதுங்க வந்தவருக்கு அடைக்கலம், தஞ்சம், புகலிடம் என்று தனித்தனியாகச் சொற்கள் வைத்திருக்கிறோம்.

ஆக, அலைக்கு ஒதுங்கிய நீர்ப்பரப்பு ஹார்பர். சரக்கு ஏற்றி இறக்கி, சுங்கம் பார்க்கும் இடம் போர்ட். தூத்துக்குடியில் இரண்டும் ஒன்றாக இருக்கின்றன. அங்கே அலையைத் தடுக்க, கடலுக்குள் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளத்தில் இரண்டு கற்சுவர்களைக் கொண்டுபோயிருக்கிறார்கள். உங்கள் தாளில் 'எஃப்.ஓ.பி. தூத்துக்குடி' என்று இருந்தால், அங்கே கப்பலில் ஏறும்வரை பெட்டிக்கு அனுப்புகிறவரே பொறுப்பு என்று பொருள். சாயங்காலம் லோடு ஏற்றிய வண்டி தாராபுரம், ஒட்டன்சத்திரம், மதுரை என்று ராத்திரி முழுக்க ஓடுவது அந்தச் சுவர்களுக்குள் நிற்கும் கப்பலைப் பிடிக்கத்தான்.

துரைமார் விஷயத்துக்கும் வருகிறேன். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஓடிய கப்பல்கள் அவர்கள் கையில் இருந்தன. 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கி அதை எதிர்த்து நின்றவர் வ.உ.சிதம்பரனார். செக்கிழுத்த அந்த மனிதரின் பெயரைத்தான் 2011 முதல் அந்தத் துறைமுகம் தாங்கி நிற்கிறது. அவர் பெயர் உள்ள இடத்தைத் 'துரைமுகம்' என்று எழுத நம் கைக்கு மனம் வரக்கூடாது.

இன்னொரு துறையைச் சொல்லாமல் விட மனமில்லை. இலங்கையின் வடகோடியில் இருக்கும் ஊர் பருத்தித்துறை. பருத்தி ஏறி இறங்கிய துறை என்பது ஊரார் சொல்லும் பெயர்க்காரணம். கடல் வழியே வந்த போர்த்துக்கீசியர் அதைப் பாறை முனை என்று அழைத்தார்கள்; அது திரிந்துதான் இன்றைய ஆங்கிலப் பெயரான பாயின்ட் பீட்ரோ. அவர்கள் கண்ணில் பட்டது பாறை. கரையில் இருந்தவர்கள் பஞ்சை நினைத்துப் பெயர் வைத்தார்கள். நூலும் பஞ்சுமாய் வாழும் நமக்கு, பார்க்காத அந்த ஊர் சொந்த ஊர்போல இல்லையா?

அமராவதி, நொய்யல், உப்பாறு என எந்தக் கரையில் இருந்தாலும் சரி, உங்கள் ஊர்த் துறைகளின் பெயர்களை எழுதி அனுப்புங்கள். யார் இறங்கிய துறை, யாரை இறங்கவிடாத துறை, இப்போது தண்ணீர் இருக்கிறதா, சாயத் தண்ணீரா, படி உடைந்து கிடக்கிறதா, எல்லாவற்றையும் எழுதுங்கள். வருகிற கடிதங்களை அடுத்த இதழிலிருந்து வெளியிடுகிறோம். கணியூர் அம்மிணி, முதல் கடிதம் உங்களுடையதாக இருக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்