கம்மலைக் கழற்றினால் போதுமா?



சபைக்கு வரும் பெண்கள் எதை அணியக் கூடாது என்று ஒரு பட்டியல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நம் குடும்பக் குழுவுக்கும் வந்துவிட்டது. கம்மல் கூடாது, வளையல் கூடாது, பூ கூடாது. ஆதாரம்: 1 தீமோத்தேயு 2:9, 1 பேதுரு 3:3. பலர் ‘ஆமென்’ போட்டிருக்கிறார்கள். நான் போடவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அந்த வசனங்களை முழுதாக வாசியுங்கள். பூ அவற்றில் இல்லவே இல்லை. ஆனால் பொன்னோடு சேர்த்துத் தலைமயிர் பின்னுவதும், விலையுயர்ந்த உடையும் இருக்கின்றன. கம்மலைக் கழற்றிவிட்டு, பின்னல் போட்டு, 15,000 ரூபாய்ப் பட்டுப்புடவையில் வருகிறவரை யாரும் தடுப்பதில்லை. ஒரே வசனத்தில் ஒன்று மட்டும் சட்டம், மற்றவை அவரவர் விருப்பமா?

பவுலும் பேதுருவும் சொல்ல வந்தது, ஆடம்பரம் அழகல்ல, நற்செயலும் சாந்தமான மனமும்தான் அழகு என்பது. நாமோ, கழுத்தில் பொட்டுத் தங்கம் இல்லாத பெண்ணின் அப்பாவிடம் காரும் ரொக்கமும் வாங்கிக்கொண்டு அதே சபையில் கல்யாணம் நடத்துகிறோம். வரதட்சணையை 1961-லேயே சட்டம் தடை செய்துவிட்டது. பட்டியலில் மட்டும் அது ஏறவில்லை.

“மனசு சுத்தமா இருந்தா போதும் டீச்சர், அன்புதான் முக்கியம், விதியெல்லாம் எதுக்கு?” என்று சிலர் கேட்பீர்கள். அதுவும் நழுவல்தான். உபாகமம் 22:8-ஐப் பாருங்கள். புது வீடு கட்டினால் மாடிக்குக் கைபிடிச்சுவர் கட்ட வேண்டும். யாரும் விழுந்து சாகக் கூடாது. பிறனை நேசிப்பது அங்கே செங்கல்லும் சுண்ணாம்புமாக நிற்கிறது. சுவர் கட்டாதவனின் அன்பு யாரையும் தாங்கிப் பிடிக்காது.

அதே விதியை எழுத்தளவில் மட்டும் பிடித்தாலும் ஆபத்துதான். 2019-ல் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் மூடாத ஆழ்துளைக் கிணற்றில் விழுந்து ஒரு குழந்தை இறந்தது. உபாகமத்தில் ஆழ்துளைக் கிணறு இல்லை. அதனால் மூட வேண்டாம் என்பீர்களா? விதி எந்த உயிரைக் காக்க வந்ததோ, அதைத் தேடிப் போவதுதான் கீழ்ப்படிதல்.

மத்தேயு 23:23-ல் இயேசு இதையே சொல்கிறார். ஒற்தலாம், வெந்தயம், சீரகம் வரை தசமபாகம் எண்ணிக் கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டவர்களைக் கண்டிக்கிறார். தசமபாகத்தை நிறுத்தச் சொல்லவில்லை. எது பெரியது என்று காட்டி, இரண்டையும் செய்யச் சொல்கிறார்.

என் குற்றச்சாட்டு இதுதான்: நமக்குச் செலவு வைக்காத, அடுத்தவர் தலையில் விழுகிற விதிகளாகப் பொறுக்குகிறோம். கூலியாளின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடு என்கிறது உபாகமம் 24:15. இதைவிடத் தெளிவான விதி வேண்டுமா? வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் சம்பளத்தைப் பத்தாம் தேதி வரை இழுத்தடிப்பவர்களுக்கு அடுத்த வீட்டுப் பெண்ணின் கம்மலைப் பற்றி என்ன பேச்சு?

இனி ஒரு பட்டியலை அனுப்பும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த விதி யாரைக் காக்க வந்தது? இதைக் கைக்கொள்ள எனக்கு என்ன செலவு?

மறுப்பு இருந்தால் தாராளமாக எழுதுங்கள். வசனத்தை முழுதாக வாசித்துவிட்டு எழுதுங்கள்.

உங்கள் டீச்சர்
(உறவுகளுக்கு, உங்கள் அத்தை)