புல்லட்டுக்குக் காது வைத்தியம்

ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனை இன்ஜினில், கைப்பிடி காதில். கண்ணை மூடி ஐந்து நொடி கேட்டுவிட்டு, "டேப்பட் சத்தம் சார், டைட் பண்ணிடலாம்" என்பார் மெக்கானிக். பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. பத்தே நிமிடத்தில் சத்தம் போய்விடும். ஓனருக்குப் பரம சந்தோஷம். இன்ஜினுக்கு?

சென்னையில் 1955-ல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் தயாரான அந்த இரும்பு சிலிண்டர் இன்ஜினில், கேம் கீழிருந்து புஷ்ராடைத் தள்ளும், ராடு ராக்கரைத் தள்ளும், ராக்கர் வால்வைத் திறக்கும். ராடின் அடியில் அட்ஜஸ்ட் செய்ய நட்டு உண்டு. விதி ரொம்பச் சுலபம். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். கம்ப்ரஷன் முடிவில் பிஸ்டன் உச்சியில் நிற்க வேண்டும். அப்போது ராடு இரண்டு விரலுக்குத் தாராளமாகச் சுற்ற வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. இதில் காதுக்கு எங்கே வேலை?

ஓடி வந்த சூட்டில் சிலிண்டரும் ஹெட்டும் விரிந்து, இடைவெளி கூடி, கொஞ்சம் சத்தம் வரத்தான் செய்யும். அதைப் போக்குகிறேன் என்று அந்தச் சூட்டிலேயே இறுக்கினால், மறுநாள் காலை ஆறிய இன்ஜினில் ராடு ஒரு மயிரிழை நீளமாக நிற்கும். வால்வு முழுசாக மூடாது. கம்ப்ரஷன் கசியும். கால் வலிக்க வலிக்க கிக்கரை உதைத்துவிட்டுப் பழியை கார்புரேட்டர் மேல் போடுவார்கள் (பாவம் கார்புரேட்டர்!). எக்ஸாஸ்ட் வால்வு என்றால் இன்னும் மோசம். அது தன் சூட்டை இறக்குவதே பெரும்பாலும் சீட்டில் உட்காரும் நேரத்தில்தான். உட்காரவே விடாமல் இறுக்கி வைத்தால் ஓரம் கருகிப் போகும். சத்தம் போடும் வால்வு குறைந்தபட்சம் மூடவாவது செய்கிறது.

"எங்க வண்டி 2008-க்கு அப்புறம் வந்த யூசிஇ, ஹைட்ராலிக் டேப்பட்" என்று தப்பிக்கவும் முடியாது. ஆயில் மேல் நிற்கும் பிளஞ்சர் தானே ஈடுகட்டும், சரிதான். ஆனால் ஹெட் வளைந்தது என்று லேத்தில் அரை மில்லி சீவினால், ராக்கர் அரை மில்லி கீழே இறங்குகிறது. நீளம் மாறாத ராடு பிளஞ்சரை அவ்வளவு ஆழம் கூடுதலாக அமுக்கும். அடி தட்டிவிட்டால் அதே திறந்த வால்வு கதைதான். பிளஞ்சர் மொத்தம் எவ்வளவு இறங்கும், இப்போது எவ்வளவு இறங்கி நிற்கிறது என்று அளந்து பார்த்து ஹெட்டை மாட்டுபவர்கள் எத்தனை பேர்?

தப்பு மெக்கானிக்குடையது மட்டுமில்லை. "ராத்திரி வண்டியை இங்கேயே விட்டுட்டுப் போங்க, ஆறட்டும், காலையில பார்க்கிறேன்" என்பவரை வேலை தெரியாதவர் என்று சொல்லிவிட்டு, பத்து நிமிடத்தில் சத்தத்தை அடக்கும் அடுத்த கடைக்கு வண்டியைத் திருப்புவது ஓனர்தானே?