தெளிந்த நீரெல்லாம் நல்ல நீரன்று

கலந்து கிடக்கும் பொருள்களைப் பிரித்தெடுப்பது நம் மக்களுக்குப் புதிய வித்தையன்று. களத்து மேட்டில் காற்றின் போக்கறிந்து தூற்றும்போது நெல்மணி காலடியில் விழ, பதர் விலகிப் பறக்கிறது. முறத்தில் புடைத்தால் உமி போகிறது. கொழித்தால் நொய் ஒதுங்குகிறது. சல்லடை பருமனைப் பார்த்துப் பிரிக்கிறது. அரிசியை நீரில் அரித்தால் கல் அடியில் தங்கிவிடுகிறது. இம்முறைகள் யாவற்றிற்கும் அடிப்படை ஒன்றே. கலந்துள்ள இரு பொருள்களுக்கும் இடையே கனத்திலோ, பருமனிலோ, மிதப்பதிலோ, கரைவதிலோ ஏதேனும் ஒரு வேற்றுமை இருக்கும். அந்த வேற்றுமையைப் பற்றிக்கொண்டால் கலவை பிரிந்துவிடும்.

விதை நெல்லைத் தெரிந்தெடுக்கும் முறையை நோக்குங்கள். நல்ல நீரில் மூழ்கிவிடும் அரைகுறை மணியும் உப்பு நீரில் மிதக்கும். ஆதலால் வாளி நீரில் ஒரு கோழிமுட்டை மேலெழுந்து மிதக்கும்வரை உப்பைக் கரைத்து, அதில் விதையைக் கொட்டுகிறோம். மிதப்பதை அரித்தெடுத்துவிட்டு, மூழ்கிய திரண்ட மணிகளை மட்டும் இரண்டு மூன்று முறை நல்ல நீரில் கழுவி விதைக்கிறோம். கழுவாவிடில் ஒட்டிய உப்பு முளைப்பைக் கெடுக்கும். மிஞ்சிய அந்த உப்பு நீரை எந்த உழவரும் தம் நாற்றங்காலில் ஊற்றமாட்டார். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இனி, நீரில் கலங்கி நிற்கும் பொருள்களைப் பார்ப்போம். புதுவெள்ளத்தைக் குடத்தில் அசையாது வைத்தால் மண் படிந்துவிடும். மேல்நீரை மெல்ல இறுத்துக்கொள்ளலாம். தானே படியாத நுண்ணிய களிமண்ணுக்கு நம் முன்னோர் தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறம் இழைத்தனர். முருங்கை விதைப் பொடியும் படிகாரமும் அவ்வேலையையே செய்கின்றன. ஒன்றையொன்று விலக்கி மிதக்கும் துகள்கள் இவற்றால் ஒன்றுகூடித் திரண்டு, கனத்து, அடியில் அமர்கின்றன.

துணியால் வடிகட்டுவதையும் எளிதாக எண்ணிவிடலாகாது. வங்காள தேசத்தில் மத்லாப் பகுதிக் கிராமங்களில், பழைய பருத்திச் சேலையை நான்காக மடித்துக் குடிநீரை வடிகட்டச் செய்து ஓர் ஆய்வு நடத்தினர். வாந்திபேதிக் கிருமிகள் நீரில் வாழும் மிகச் சிறிய உயிரினங்களின்மேல் ஒட்டிக்கொண்டிருப்பவை. அவ்வுயிரினங்கள் துணியில் தங்கிவிட்டன. அந்நோய் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததென்று 2003ஆம் ஆண்டில் அறிவித்தனர். புதுச்சேலையைவிடப் பழஞ்சேலையே இதற்கு உகந்தது. துவைக்கத் துவைக்க இழைகள் பிரிந்து, கண்கள் சிறுத்துவிடுகின்றன. நெசவாளர் கைத்திறன் மானத்தை மட்டுமன்றி உயிரையும் காக்கிறது என்று பெருமை கொள்ளலாம்.

ஆனால் இந்த உபாயங்கள் அனைத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு குவளை நீரில் ஒரு பிடி உப்பைக் கரைத்து, எட்டாக மடித்த துணியில் வடித்துப் பாருங்கள். வடிந்த நீர் கண்ணுக்குத் தெளிவாக இருக்கும். நாவில் வைத்தால் கரிக்கும். படிகாரமோ தேற்றாங்கொட்டையோ அந்த உப்பை அசைப்பதில்லை. கலங்கல் வேறு, கரைசல் வேறு. கலங்கலை இறுத்தும் வடித்தும் பிரிக்கலாம். கரைந்ததைப் பிரிக்க எளிய வழி நீரை வற்றவைப்பதே. தூத்துக்குடியிலும் வேதாரணியத்திலும் உப்பளப் பாத்திகளில் கதிரவன் செய்யும் வேலை அதுதான்.

இந்த வேற்றுமையை நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் நம் சாயப்பட்டறைகளே. பருத்தி நூலுக்கு இன்று பெரிதும் வழங்கும் ரியாக்டிவ் சாயங்கள் நூலைப் பற்றுவதற்கு உப்பு வேண்டும். லிட்டர் நீருக்கு 30 கிராம் முதல் 80 கிராம் வரை, அடர்ந்த நிறங்களுக்கு அதற்கு மேலும் இடுகிறார்கள். கடல்நீரிலேயே லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புதான் உண்டு. சாயம் நூலில் தங்குகிறது. உப்போ பெரும்பாலும் முழுவதுமாகத் தொட்டி நீரிலும் அலசு நீரிலும் வெளியேறுகிறது. அந்நீரில் படிகாரம் இட்டு, ஓரளவு நிறத்தைப் போக்கி, "தெளிந்துவிட்டது, வாய்க்காலில் விடலாம்" என்று கருதுவது பெரும்பிழை. நிறம் போயிற்று, உப்பு போகவில்லை.

இதன் விளைவை நொய்யல் ஆறு நமக்குக் காட்டிவிட்டது. சென்னிமலைக்கு அருகே 1992இல் முடிவுற்ற ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. மேலேயிருந்து வந்த சாயக்கழிவு அதில் தேங்கிற்று. நிலமும் கிணறும் உப்பேறின. நீர் வேண்டிப் போராட வேண்டிய உழவர்கள் கழிவை எதிர்த்து நீதிமன்றம் செல்ல நேர்ந்தது. 2011 ஜனவரியில், கழிவு வெளியேற்றத்தை அறவே நிறுத்தாத திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. வயல் கெட்டது, பின்னர்த் தொழிலாளர் வேலையும் நின்றது. இரு தரப்பாரும் நட்டமடைந்தனர்.

ஆகவே நம் கருத்து இது: கலந்தபின் பிரிக்க முயல்வதைவிடக் கலவாமல் காப்பதே சிக்கனம். சாயத்தொட்டி நீரும் முதல் அலசல் நீரும் அளவில் குறைவு; உப்பில் மிகுதி. பின் அலசல்கள் அளவில் மிகுதி, உப்பில் குறைவு. இரண்டையும் ஒரே சாக்கடையில் விட்டால் அத்தனை நீரும் உப்பு நீராகிவிடும். ஒவ்வொரு பட்டறையிலும் முதலில் இரண்டு வாய்க்கால்கள் வேண்டும். உப்பு மிகுந்த நீரைக் கசியாத தளமிட்ட பாத்திகளில் வெயிலில் வற்றவைக்கலாம். கடைசி அலசல் நீரைப் படியவைத்து, வடித்து, அதே நிறத்து அடுத்த ஈட்டு நூலின் முதல் அலசலுக்குக் கொள்ளலாம். வற்றிய கசட்டை மழைபடாத கூரையின்கீழ்ச் சேர்த்து, மாசு கட்டுப்பாட்டு வாரியம் விதித்த முறைப்படியே அகற்ற வேண்டும்.

இதற்குச் சிறு பட்டறைக்காரர் எங்கே போவார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தனியொருவரால் பாத்திக்கு நிலமும் தளமும் தேட இயலாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் திறந்த பாத்தி நிரம்பி வழியும் என்பதும் உண்மை. அதற்குக் கூரையும், நீரைத் தேக்கிவைக்கும் தொட்டியும் வேண்டும். கூட்டுறவு என்பது இத்தகைய காரியங்களுக்கன்றோ? பத்துப் பட்டறைகள் பங்கிட்டால் பொதுப் பாத்தி கைக்கெட்டாததன்று. அதன் செலவை நூலின் கூலியோடு சேர்த்துக் கணக்கிட வேண்டுமேயன்றி, கீழ்மடை உழவரின் தலையில் சுமத்தலாகாது.

உழவர் பெருமக்களுக்கும் ஒரு கடமை உண்டு. கிணற்று நீரை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தால் உப்பின் அளவைச் சொல்லிவிடுவார்கள். மழைக்கு முன்னும் பின்னுமாக ஆண்டுக்கு இருமுறை பார்த்து, அந்த எண்களைச் சங்கப் பலகையில் எழுதிவைக்க வேண்டும். உப்பேறிய நிலத்தில் ஈரம் இருந்தும் பயிர் அதை உறிஞ்ச மாட்டாமல் வாடும். வாடியபின் அறிவது காலங்கடந்த அறிவு.

நெய்பவரும் விளைப்பவரும் ஒரே சங்கத்தில் பங்குதாரர்கள். ஒருவர் தொட்டியில் விடும் நீரே மற்றவர் மடையில் வருகிறது. அடுத்த பொதுக்குழுவில் பொதுப் பாத்தியைப் பற்றிய தீர்மானத்தை உறுப்பினர்கள் கொண்டுவர வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.