கனடா முத்திரையும் சுன்னாகத்துக் கறண்டும்

"வெளிநாட்டுச் சாமான், சீல் இருக்கு, பயப்பிடாதேங்கோ." யாழ்ப்பாணத்தில் இந்தப் பேச்சைக் கேட்காத வீடு குறைவு. விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து வருகிறவர்களின் பெட்டிக்குள் கேத்தில் வருகிறது, அயன் பொக்ஸ் வருகிறது. அடியில் சி.எஸ்.ஏ. முத்திரை. அதை நம்பி அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். இந்த நம்பிக்கை பிழையானது, உயிருக்கே உலை வைக்கக்கூடியது.

முத்திரை பொய்யல்ல. சி.எஸ்.ஏ. 1919 இல் தொடங்கிய கனடா நியம நிறுவனம். அதன் சோதனைகள் கடுமையானவை. ஆனால் அந்தக் கேத்திலைச் சோதித்தது 120 வோல்ற்றில். சுன்னாகம் மின் நிலையத்திலிருந்து எங்கள் வீடுகளுக்கு வருவது 230. 1500 வாற் கேத்திலை அப்படியே கொழுவினால் 5500 வாற் அளவுக்கு இழுக்கும். 24 அம்பியர் பாயும். சொக்கற்றோ 13 அம்பியருக்குச் செய்தது. நடுவில் போடுகிற அடப்டர் முள்ளின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ற்றைக் குறைக்காது. போன் சார்ஜரில் 100–240 என்று எழுதியிருந்தால் அது வேறு கதை, தாராளமாகப் பாவிக்கலாம். அந்த ஒரு வரியை எத்தனை பேர் வாசிக்கிறோம்?

ஜேர்மனிச் சாமானுக்கு வோல்ற்றுப் பிரச்சினை இல்லை. அங்கும் 230தான். ஆபத்து பிளக்கில் இருக்கிறது. அந்த உருண்டை பிளக்கின் ஏர்த் தகடு பக்கவாட்டில் இருக்கும். எங்கள் சதுர முள் சொக்கற்றில் ஏர்த் முள் உள்ளே போனால்தான் மற்ற இரண்டு துவாரங்களின் மூடியும் திறக்கும். பிள்ளைகள் கம்பியை விடக்கூடாது என்பதற்காகச் செய்த பூட்டு அது. எங்கள் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? மேல் துவாரத்துக்குள் பேனை மூடியைக் குத்தி, மூடி திறந்ததும் இரண்டு முள்ளையும் இறுக்கித் தள்ளுகிறார்கள். கேத்தில் கொதிக்கிறது. ஏர்த் மட்டும் இல்லை. உள்ளே வயர் உருகிக் கேத்திலின் உடம்பில் பட்டால், ஏர்த் இருந்திருக்க ட்ரிப் சுவிட்ச் அந்தக் கணமே விழுந்திருக்கும். இப்போது அந்தக் கறண்ட் ஒரு கை வந்து தொடும்வரை நிற்கும். "பத்து வருசமாப் பாவிக்கிறம், ஒண்டும் நடக்கேல்லை" என்பவர்களுக்கும் இதுதான் பதில்: வயர் பழுதாகும் நாள்வரை ஏர்த் இல்லாத குறை தெரியவே தெரியாது.

அடுத்தது சி.ஈ. எழுத்துகள். கஸ்தூரியார் வீதியில் வாங்கும் சாமானிலும் அவை இருக்கும். பெரும்பாலான வீட்டு மின்சாதனங்களில் அதைப் போடுவது செய்த கம்பனியேதான். ஐரோப்பியச் சட்டத்துக்கு அமைவானது என்று அது தானே கொடுக்கும் வாக்கு. வெளியார் சோதித்தார்கள் என்ற அத்தாட்சி அதில் இல்லை. எஸ்.எல்.எஸ். அப்படியல்ல. இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் அனுமதித்தால்தான் அதைப் போடலாம். போலியும் சந்தையில் உண்டு என்பது உண்மைதான். அதற்காக இந்த நாட்டின் வோல்ற்றுக்கும் சொக்கற்றுக்கும் வகுத்த நியமத்தை ஏளனமாகப் பார்ப்பது எனக்கு ஆத்திரமூட்டுகிறது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, கேத்தில் கொண்டுவராதீர்கள். அந்தக் காசில் ஒரு நல்ல மின்னியலாளரைக் கூப்பிட்டு அம்மாவின் வீட்டு ஏர்த்தைச் சோதிப்பியுங்கள்; 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லையென்றால் ஒன்று பூட்டுவியுங்கள். கேத்திலை ஊர்க் கடையில் வாங்கலாம்.