பெரிய டயர், சிறிய லாபம்

ஃபோர் வீல் டிரைவ் வாங்கிய கையோடு டயர் கடைக்கு ஓடுகிறவர்கள் கவனிக்க: மண்ணில் கைகொடுப்பது அகலமும் பளபளப்பும் அல்ல, சரியான ரப்பரும் சரியான காற்றும்தான்.

டெல்லியின் கரோல் பாக் ஆகட்டும், பெங்களூரின் ஜே.சி. ரோடு ஆகட்டும், காட்சி ஒன்றுதான். ஷோரூமை விட்டு வந்து ஒரு மாதம்கூட ஆகாத தாரும் ஜிம்னியும் கடை வாசலில் நிற்கின்றன. கம்பெனி போட்டுக் கொடுத்த டயர்கள் கழற்றப்பட்டு அடிமாட்டு விலைக்குப் போகின்றன. அந்த இடத்தில் டிராக்டர் டயரை நினைவூட்டும் முரட்டு டயர்களும் அகலமான கறுப்பு ரிம்களும் ஏறுகின்றன. செலவு லட்சத்தைத் தொட்டாலும் யாரும் கவலைப்படுவதில்லை. வண்டி கம்பீரமாக இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் மழை நாளில், நெடுஞ்சாலையில், 80 கி.மீ. வேகத்தில் போகும்போது ஒரு மாடு குறுக்கே வந்தால் அந்த வண்டி நிற்குமா?

விஷயம் எளிமையானது. வண்டிக்கும் பூமிக்கும் உள்ள உறவு நான்கே இடங்களில்தான். 1,700 கிலோ எடையுள்ள வண்டியில் 30 பவுண்டு காற்று இருந்தால், ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு சுமார் 200 சதுர சென்டிமீட்டர். அதாவது விரல்களோடு சேர்த்து ஒரு உள்ளங்கையைவிடக் கொஞ்சம் அதிகம். ஏற்றம், பிரேக், திருப்பம் எல்லாமே இந்த நான்கு உள்ளங்கைகளின் பிடியில்தான் இருக்கின்றன.

அகலம்தான் வீரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வரலாற்றுத் தகவல். இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஜீப்புகளின் டயர் அளவு 6.00-16. அகலம் ஏறத்தாழ ஆறு அங்குலம்தான். அந்த ஒல்லி டயர்களில்தான் ஜீப் பாலைவனம் முதல் பனிக்காடு வரை ஓடிப் பெயர் வாங்கியது.

எண்களைப் படியுங்கள்

டயரின் பக்கவாட்டில் 245/75 ஆர் 16 என்று எழுதியிருந்தால் அதில் மூன்று செய்திகள் உள்ளன. அகலம் 245 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 75 சதவீதம். ரிம்மின் விட்டம் 16 அங்குலம்.

2020இல் புதிய தார் வந்தபோது இரண்டு அளவுகளில் டயர் தரப்பட்டது. விலை குறைந்த மாடலில் 245/75 ஆர் 16. விலை கூடியதில் 255/65 ஆர் 18. காசு அதிகம் கொடுத்தவருக்கே நல்ல டயர் என்று தோன்றும். கணக்குப் போட்டால் கதை மாறுகிறது. முதல் டயரின் பக்கச் சுவர் 184 மி.மீ.; இரண்டாவதில் 166 மி.மீ.தான். மொத்த விட்டத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் வெறும் 15 மி.மீ. பாறை மேல் ஏறும்போது வளைந்து கொடுப்பதும் ரிம்மை அடியிலிருந்து காப்பதும் பக்கச் சுவர்தான். ஆகவே தார் ரோட்டில் 18 அழகு. கல்லிலும் மணலிலும் 16 புத்திசாலித்தனம். 18 அங்குல வண்டிக்காரர் 16க்கு இறங்க விரும்பினால், பிரேக் பாகங்களில் ரிம் இடிக்கிறதா என்று ஒரு சக்கரத்தை மாட்டிச் சுற்றிப் பார்த்த பிறகே மற்றவற்றுக்குப் பணம் கொடுக்க வேண்டும்.

ஜிம்னி இன்னொரு பாடம். 2023இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த இந்த வண்டியின் டயர் 195/80 ஆர் 15. பலர் இதைக் கழற்றிவிட்டு 235/75 ஆர் 15 போடுகிறார்கள். இதனால் விட்டம் 693 மி.மீட்டரிலிருந்து சுமார் 733 ஆகிறது. ஆனால் வண்டி உயர்வது அதில் பாதிதான்: 20 மி.மீ. இந்த முக்கால் அங்குலத்துக்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள். ஸ்பீடாமீட்டர் 80 காட்டும்போது வண்டி ஏறத்தாழ 85இல் போகிறது. சக்கரத்துக்குப் போகும் இழுவை கிட்டத்தட்ட 6 சதவீதம் குறைகிறது. மேட்டில் கியர் இறக்க வேண்டியிருக்கிறது. கனமான சக்கரத்தை நிறுத்த, சிறிய டயருக்காக அமைத்த அதே பிரேக் மல்லுக்கட்டுகிறது. போதாக்குறைக்கு மைலேஜும் குறைகிறது.

அளவுக்குப் பக்கத்தில் ஒரு எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். எண், டயர் தாங்கும் எடைக்கான குறியீடு. 100 என்றால் ஒரு டயருக்கு 800 கிலோ. எழுத்து, வேக வரம்பு. க்யூ என்றால் 160 கி.மீ., எஸ் என்றால் 180 கி.மீ. இவை இரண்டும் கம்பெனி டயரில் உள்ளதைவிடக் குறையாமல் பார்த்துக் கொள்ளுங்கள். கடைசியாக, நான்கு இலக்கத்தில் பிறந்த தேதி. 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் தயாரானது. கடையில் வருடக்கணக்கில் தூங்கிய டயரைத் தள்ளுபடியில் தருகிறேன் என்றால் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

எந்த மண்ணுக்கு எது?

சந்தையில் மூன்று ரகங்கள் உள்ளன. எச்.டி. என்பது நெடுஞ்சாலை டயர். எம்.டி. என்பது சேற்று டயர். பெரிய பட்டன்கள், நடுவே அகலமான பள்ளங்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஏ.டி., எல்லா நிலத்துக்குமான டயர்.

சேற்று டயர் தன் வேலையைச் சேற்றில் பிரமாதமாகச் செய்யும். கோவாவில் 2014இல் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சாலஞ்ச் போன்ற மழைக்காலப் போட்டிகளில் அது இல்லாமல் கதை நடக்காது. பள்ளங்களில் ஒட்டும் செம்மண்ணைச் சுழற்சியிலேயே உதறிவிட்டு அடுத்த சுற்றில் புதிதாகப் பிடிக்கும். அதே டயர் ஜெய்சல்மேர் பக்கத்துச் சாம் மணல்மேடுகளில் மண்வெட்டியாகிவிடுகிறது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி முன்னே போகாமல் கீழே போகிறது. மணலில் தோண்டக் கூடாது, மிதக்க வேண்டும்.

மணாலிப் பக்கத்துப் பனிக்கட்டிச் சாலையிலும் சேற்று டயர் நம்பகமானதல்ல. பெரிய பட்டன்களில் பனியைக் கவ்வும் நுண்கீறல்கள் குறைவு. உறைந்த சாலையில் சங்கிலிதான் துணை. ஸ்பிட்டியில் வேறு பிரச்சினை. கிராம்ஃபூவிலிருந்து காஜா போகும் வழியில் கூர்மையான கற்களும் நீரோடைகளும் காத்திருக்கின்றன. அங்கே கிழிவது பட்டன் அல்ல, பக்கச் சுவர். பஞ்சர் கடைக்காரரால் ஒட்ட முடியாத இடம் அது. பக்கச் சுவரில் கூடுதல் அடுக்குகள் உள்ள டயர் இங்கே காசுக்குப் பெறுமானம்.

நனைந்த தார் ரோட்டுக்கு வருவோம். பட்டன்களுக்கு நடுவே இடைவெளி கூடினால் சாலையைத் தொடும் ரப்பர் குறைகிறது. ஆகவே சேற்று டயர் போட்ட வண்டி நிற்க அதிக தூரம் எடுத்துக்கொள்கிறது. இரைச்சலும் தேய்மானமும் தனி.

உங்கள் வண்டி ஒரு வருடத்தில் எங்கே ஓடுகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பத்து நாளில் ஒன்பது நாள் ஆபீஸ், பள்ளிக்கூடம், நெடுஞ்சாலை என்றால் விடை கிடைத்துவிட்டது. கம்பெனி அளவிலேயே நல்ல ஏ.டி. டயர். அதற்கு மேல் எதுவும் வேண்டாம். சேற்று டயர், மாதத்தில் பாதி நாள் சேற்றில் இருப்பவருக்கு: எஸ்டேட்காரருக்கும் போட்டிக்காரருக்கும்.

ரிம்: அழகும் அடியும்

ஜிம்னியின் இரு மாடல்களில் ஒன்றில் இரும்பு ரிம், மற்றதில் அலாய். டயர் அளவு இரண்டிலும் ஒன்றே. அலாய் எடை குறைவு, பார்க்க லட்சணம். ஆனால் பலமான அடி விழுந்தால் விரிசல் விடலாம். இரும்பு ரிம் வளையும். பெரும்பாலும் ஊர்ப் பட்டறையில் சுத்தியலால் தட்டி நிமிர்த்தி வீடு வந்து சேரலாம். ஊரை விட்டு நூறு கிலோமீட்டர் தள்ளி நிற்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிது.

ரிம் வாங்கும்போது போல்ட் துளைகளின் அளவு, நடுத் துளை, அகலம், ஆஃப்செட் நான்கும் பொருந்த வேண்டும். முதல் மூன்றைக் கடைக்காரர் பார்த்துக்கொள்வார். நான்காவதில்தான் ஏமாறுகிறோம். ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது வண்டியோடு பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம். இது குறைந்தால் சக்கரம் மட்கார்டுக்கு வெளியே துருத்தும். தோரணை கூடும், கூடவே வீல் பேரிங்கின் மேல் சுமையும் ஏறும். கல்லில் ஏறும்போது ஸ்டியரிங் கையை உதறும். டயர் வாரி இறைக்கும் கற்கள் கதவைக் கொத்தும். பேரிங் தேய்ந்த சத்தம் கேட்கும்போது ரிம் வாங்கிய ரசீது எங்கேயோ தொலைந்திருக்கும்.

ஆபத்து இயந்திரத்தோடு முடிவதில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் கேள்வி கேட்க நீங்களே காரணம் தந்தவராகிறீர்கள். வண்டிக்குக் கம்பெனியே தரும் அளவுக்குள் நிற்பவருக்கு இந்தத் தலைவலி இல்லை.

காசில்லாத மாற்றம்

மண் பாதையில் வண்டியின் திறனைச் சட்டென்று கூட்டும் பொருள் ஒன்று உண்டு. அது இலவசம்: காற்று. 30 பவுண்டை 15 ஆக்கினால் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. உள்ளங்கை, இரண்டு உள்ளங்கை ஆகிறது. மணலில் 15 முதல் 18 பவுண்டு; கல் பாதையில் 22 முதல் 25. பதினைந்துக்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டு நழுவலாம். வேகமும் குறைவாகவே இருக்கட்டும்.

தார் ரோட்டுக்குத் திரும்பியதும் டிரைவர் கதவருகே ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்றை நிரப்புங்கள். காற்று குறைந்த டயர் வேகத்தில் சூடேறி வெடிக்கும். ஆகவே ஒரு காற்றுமானியும் பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் கம்ப்ரஸரும் வண்டியிலேயே இருக்கட்டும். சில ஆயிரம் ரூபாய்தான். ஒரு பளபள ரிம்மின் விலைகூட இல்லை.

கடைசியாக ஒரு கணக்கு. டயர் நான்கு அல்ல, ஐந்து. தார், ஜிம்னி, கூர்க்கா போன்ற வண்டிகளில் ஃபோர் வீல் போட்டால் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே வேகத்தில் சுழலும். ஸ்டெப்னி மட்டும் பழைய அளவிலோ மொட்டையாகவோ இருந்தால், அதை மாட்டிய நாளில் கியர் பாகங்கள் ஒன்றை ஒன்று முறுக்கும். ஐந்தையும் ஒரே அளவில், ஒரே ரகத்தில் வாங்குங்கள். ஸ்டெப்னியையும் முறை வைத்து மாற்றி ஓட்டுங்கள். பட்டன் 1.6 மி.மீ. வரை தேயலாம் என்கிறது விதி. மண்ணில் போகிறவர் அதுவரை காத்திருக்கக் கூடாது.

பட்ஜெட் குறைவு என்றால் வரிசை இதுதான்: முதலில் கம்ப்ரஸர், அடுத்து ஐந்து நல்ல டயர்கள், பிறகு மண்ணில் ஓட்டப் பழக ஒரு வார இறுதி. ரிம்முக்குப் பணம் மிஞ்சினால் அந்தக் காசுக்கு டீசல் போட்டு இன்னும் நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய்ப் பாருங்கள்.